கீழூரில் கேட்டார்கள், மட்டாஞ்சேரியில் கேட்கவில்லை

மட்டாஞ்சேரி அரண்மனைக்குள் கொச்சி ராஜாக்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. அவர்களது ஆட்சி 1949 ஜூலை 1 அன்று முடிந்து, கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது. கடைசி அரசர் பரீட்சித்துத் தம்புரான் பட்டம், பதவி எதுவும் கேட்கவில்லை. வழக்கமாக வரும் பஞ்சாங்கம் தொடர்ந்து வந்தால் போதும் என்றாராம். பெரிய மனதுதான். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றமும் அப்போது இருந்தது. ஆனாலும், கடைவீதியில் மிளகு மூட்டை சுமந்தவரிடம் 'இணைப்புக்குச் சம்மதமா?' என்று யாரும் வாக்குச்சீட்டு நீட்டவில்லை.

பிரெஞ்சிந்தியாவில் அப்படி விட முடியவில்லை. மக்கள் சம்மதம் இல்லாமல் எந்த மண்ணையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது பிரான்சின் 1946 அரசியல் சட்டம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரின் மக்கள் 1949 ஜூன் 19 அன்று நேரடியாக வாக்களித்தார்கள்: இந்தியாவோடு சேர 7,463 பேர், எதிர்த்து 114 பேர். பொதுவாக்கெடுப்பு என்றால் அதுதான்.

மற்ற பிரெஞ்சுப் பகுதிகளான புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்குக்கும் நடந்தது வேறு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற சிற்றூரில் சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்கள் 178 பேர் கூடினார்கள். இணைப்பை 170 பேர் ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இரண்டே வாரத்தில், ரத்தம் சிந்தாமல், ஒரு காலனி கைமாறியது. பின்னால் கோவாவில் படை போக வேண்டியிருந்ததை நினைத்தால் இதன் அருமை புரியும். குறையும் சிறியதல்ல. அந்த 178 பேரும் பிரெஞ்சு ஆட்சி நடத்திய தேர்தல்களில் வென்றவர்கள். இணைப்பா இல்லையா என்று தீர்மானிக்கவென்றே மக்கள் அவர்களை அனுப்பவில்லை. மீனவர், நெசவாளர், ஆலைத் தொழிலாளி என லட்சக்கணக்கானோரின் சம்மதம் அந்தக் கைகளுக்குள் அடங்கிப்போனது. இதற்கு மாறாக, 1958இல் மற்றொரு பிரெஞ்சுக் காலனியான கினியாவில் ஊரே திரண்டு வாக்குச்சாவடிக்குப் போய் பிரெஞ்சு அரசியல் சட்டத்தை நிராகரித்தது. சில நாளிலேயே விடுதலை பெற்றது.

ஆனால் இந்தியாவும் பிரான்சும் 1956இல் கையெழுத்திட்ட இணைப்பு ஒப்பந்தத்தில் ஒரு நல்ல பிரிவு இருந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது நடைமுறைக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்றது. ஆயிரக்கணக்கானோர் எழுதித் தந்தார்கள். கீழூர் மண்ணுக்காகப் பேசியது. எட்டு ஆண்டு கழித்துத்தான் ஒவ்வொரு ஆளும் தன் கையெழுத்தால் பேச முடிந்தது.