பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் மின் மேலாண்மைச் சோதனை: ஒரு மதிப்பீடு

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவியவர்கள் எழுதும் சோதனைக் குறிப்புகளில் மின் மேலாண்மை பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘வேலை செய்கிறது’ அல்லது ‘வேலை செய்யவில்லை’. இந்த ஒற்றை வரி போதாது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மாணவர் எந்தப் பாடத்தில் பின்தங்கினார் என்று சொல்ல முடியாதல்லவா?

இரண்டு முறைகள்

1992இல் இன்டெல்லும் மைக்ரோசாப்ட்டும் கொண்டுவந்த ஏபிஎம் முறையில் பெரும்பாலான முடிவுகளைப் பயாஸே எடுத்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகியவை வெளியிட்ட ஏசிபிஐ முறை, அந்தப் பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. கணினியின் பாகங்களை எப்படி உறங்கவைப்பது, எப்படி எழுப்புவது என்பதைத் தயாரிப்பாளர் பயாஸில் அட்டவணையாக எழுதிவைப்பார்; லினக்ஸ் கெர்னல் அதைப் படித்து நடக்கும்.

பல அட்டவணைகள் விண்டோஸில் மட்டுமே சோதிக்கப்பட்டவை. அதனால், ‘நீ விண்டோஸா?’ என்று அட்டவணை கேட்டால் லினக்ஸ் ‘ஆம்’ என்கிறது, ‘நீ லினக்ஸா?’ என்று கேட்டால் வழக்கமாக ‘இல்லை’ என்கிறது. முன்பே சோதிக்கப்பட்ட பாதையில் செல்வதே பாதுகாப்பு என்பது இதன் காரணம். ஆகவே தோல்வி எல்லாவற்றுக்கும் லினக்ஸையே குறை கூறுவது நியாயமன்று.

சோதனைகளில் காணும் குறைகள்

முதற்குறை, கெர்னல் தரும் பட்டியலையே சான்றாகக் கொள்வது. ‘ஸ்டேட்’ கோப்பில் ‘மெம்’ என்ற சொல் இருந்தால் உறக்கம் கிடைக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். இன்றைய கெர்னல்களில் அந்தச் சொல் ஆழ்ந்த உறக்கத்தையும் குறிக்கலாம், மேலோட்டமான உறக்கத்தையும் குறிக்கலாம். எது என்பதை ‘மெம்ஸ்லீப்’ கோப்பில்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, விழித்தெழுந்ததுடன் சோதனையை முடித்துவிடுவது. ரேடியான் வரைகலைச் சில்லு கொண்ட சில திங்க்பேட் டி40 வரிசைக் கணினிகள் ஒழுங்காக உறங்கி எழுந்தன; ஆனால் உறக்கத்திலும் அந்தச் சில்லு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. எட்டு மணி நேரம் உறங்கவைத்து, முன்னும் பின்னும் மின்கல அளவைக் குறித்தால்தான் இத்தகைய குறை வெளிப்படும். 8 வாட்-மணி குறைந்திருந்தால் சராசரிச் செலவு 1 வாட்.

மூன்றாவது, மின்கலத்தின் முதுமையை லினக்ஸின் கணக்கில் எழுதுவது. 48 வாட்-மணி கொள்ளளவுள்ள மின்கலம் தேய்ந்து 16 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 16 வாட் செலவழிக்கும் கணினி அதில் ஒரு மணி நேரமே ஓடும். புதிய மின்கலத்தில் மூன்று மணி நேரம் ஓடும். இயங்குதளமோ ஒன்றேதான். எனவே மணிக்கணக்கைவிட வாட் கணக்கே நம்பத்தக்கது.

செய்ய வேண்டியது

கெர்னலிலேயே ‘பிஎம் டெஸ்ட்’ என்ற வசதி உண்டு. நிரல்களை நிறுத்துதல், சாதனங்களை உறங்கவைத்தல் என்று படிப்படியாகச் சென்று சில நொடிகளில் திரும்பிவிடும். எந்தப் படியில் இடறுகிறது என்று தெரிந்தால், பழுது ஒரே ஒரு இயக்கியில் இருப்பதும் தெரியவரலாம். இச்சோதனை எல்லா வழங்கல்களின் கெர்னலிலும் இயக்கப்பட்டிருப்பதில்லை என்பது ஒரு குறைதான்.

சோதனைக் குறிப்பில் கெர்னல் பதிப்பும் பயாஸ் பதிப்பும் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஒரு பதிப்பில் கிடைத்த முடிவு அடுத்த பதிப்பில் மாறலாம். 2025இல் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. இத்தகைய கணினிகளை வைத்திருப்போர் பழைய பதிப்புகளையே நாடும்போது, பதிப்பு எண் இல்லாத குறிப்பு அவர்களுக்கு உதவாது.

தவறான ‘வேலை செய்கிறது’ என்பதை நம்பி மூடியை மூடிய மாணவர் சேமிக்காத பாடத்தை இழப்பார். தவறான ‘வேலை செய்யவில்லை’ என்பதால் நல்ல கணினி பழைய இரும்புக் கடைக்குப் போகும். எதைச் சோதித்தோம், எவ்வளவு நேரம் சோதித்தோம், எந்த அளவு கிடைத்தது என்ற மூன்றையும் எழுதினால் இரண்டையும் தவிர்க்கலாம்.