பெரிய எழுத்தின் வழக்கு

தமிழ் எழுத்துரு பற்றிப் பேசுகிறவர்களிடம் இப்போது ஒரு வாதம் செல்வாக்கோடு உலவுகிறது. எழுத்தாணி ஓலையில் ஒரே பருமனில்தான் கீறும். ஆகவே தடிப்பு மாறாத கோடே தமிழின் இயல்பு. தடித்தும் மெலிந்தும் ஓடி, முனையில் செரிஃப் என்னும் சிறு பட்டை கட்டி நிற்கும் கனத்த தலைப்பெழுத்து ரோமன் எழுத்திடம் இரவல் வாங்கிய வேடம் என்கிறார்கள். கேட்பதற்கு நேர்த்தியான வாதம். ஆனால் செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜனின் கதையைத் தமிழர்கள் எந்த எழுத்தில் படித்தார்கள் என்று இவர்கள் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.

ஓலைதான் அளவுகோல் என்றால் புள்ளியையும் கைவிட வேண்டியிருக்கும். ஓலை பொத்துவிடும் என்று சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. கருவி மாறும்போது எழுத்து மாறியே வந்திருக்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை என்னும் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. அதிலுள்ள எழுத்து, வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்தது. அந்தப் பாறையைப் பார்த்த எவரும் தமிழ் எழுத்துக்கு ஓர் ஆதி இயல்பு உண்டென்று அடித்துப் பேச மாட்டார்கள்.

அச்சின் கதை தெரிந்ததுதான். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’. அடுத்து மிஷனரி சீகன்பால்கு; ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின; பொறையாற்றில் சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். 1761இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி வேப்பேரிக்குப் போனது. செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போனதும் அதே ஆண்டில்தான். பிறகு சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் அச்சர் பி. ஆர். ஹண்ட்; 1862இல் அங்கே அச்சான வின்சுலோ அகராதியின் பக்கங்கள் இன்றைக்கும் கண்ணுக்கு இதம். ஹண்ட்டின் கைநேர்த்தியை நானும் வணங்குகிறேன். ஆனால் இந்த வரலாறு முழுக்கச் சுருங்கலின் வரலாறு. வேதாகமத்தையும் அகராதியையும் கைக்கடக்கமாக்க வேண்டியிருந்தவர்களின் தேவையை நம் ஆய்வாளர்கள் தமிழ் எழுத்தின் வளர்ச்சி என்றே எழுதிவைத்துவிட்டார்கள்.

எழுத்து பெரிதான வரலாறு வேறு தெருவில் நடந்தது. 1835இல் கவர்னர் ஜெனரல் மெட்காஃப் அச்சுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பின் உள்ளூர்க்காரர்களின் அச்சகங்கள் பெருகின. சென்னைக் குஜிலிக் கடைகளில் மலிவுத் தாளில் கதைப்பாடல்கள் குவிந்தன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ அந்த உலகத்தின் நூல்களை நமக்கு மீட்டுத் தந்தது. அவற்றின் எழுத்துருவைப் பற்றி அப்படியொரு நூல் இன்னும் எழுதப்பட வேண்டும். ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’, ‘பெரிய எழுத்து நல்லதங்காள் கதை’, ‘பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை’ என்று எழுத்தின் அளவையே தலைப்பில் ஏற்றி விற்ற பதிப்பாளர்கள் இவர்கள். இரத்தின நாயகர் அன் சன்ஸ் என்ற பெயரை அட்டையில் தாங்கிய புத்தகம் இல்லாத பெட்டி ஒருகாலத்தில் கிராமத்து வீடுகளில் அபூர்வம். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதித் தேசிங்கு மாண்டான். அதே ஆண்டு தரங்கம்பாடியில் நற்செய்திகள் அச்சேறின. மிஷன் அச்சு தேடிப்போகாத அந்தக் கதை பாடகர்கள் வாயிலேயே வாழ்ந்திருந்து, கடைசியில் தனக்கென்று கனத்த எழுத்தைத் தேடிக்கொண்டது.

ஏன் கனத்த எழுத்து? திண்ணையில் ஒருவர் படிக்க ஊரே சுற்றியிருந்து கேட்கும். மண்ணெண்ணெய் விளக்கு. படிப்பவர் எழுத்துக் கூட்டப் பழகி அதிக நாள் ஆகியிராதவர், அல்லது கண் மங்கிய பெரியவர். தாளோ மை ஊறிப் பரவும் மட்டத்தாள். அதில் மெல்லிய எழுத்து உடைந்துபோகும். கனத்த எழுத்து தாக்குப்பிடிக்கும். ஐரோப்பாவில் நடந்தது வேறு. 1800களின் தொடக்கத்தில் லண்டனில் ராபர்ட் தார்ன் போன்றவர்கள் வார்த்த பருத்த செரிஃப் எழுத்துகள் லாட்டரி நோட்டீசுக்கும் சுவரொட்டிக்கும் போயின. நடந்துபோகிறவனை நிறுத்துவதே அவற்றின் வேலை. உட்கார்ந்து கேட்பவர்களுக்காக ஒருவர் இரவெல்லாம் வாய்விட்டுப் படிக்கக் கனத்த எழுத்து உதவியது நம்மிடம்தான். இதையா இரவல் வேடம் என்பது?

தொழில்முறையிலும் அந்த வாதம் நிற்காது. ‘ண’வைத் தடிப்பாக்கிப் பாருங்கள். எல்லாக் கோடும் ஒரே அளவில் பருத்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு எழுத்து மைக்கறையாகிவிடும். ‘இ’, ‘ஞ’, ‘ஐ’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஒரு திசைக் கோடு பருக்கும்போது குறுக்கே வரும் கோடு மெலிந்தால் சுழிக்குள் வெளிச்சம் தங்கும். ஆக, கனம் கூடக்கூடத் தடிப்பு வேறுபாட்டைத் தமிழே கேட்கிறது. செரிஃப் விஷயத்தில் மட்டும் எதிர்த்தரப்புக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்: ரோமன் எழுத்தின் பட்டையடியை ‘ப’வின் மூலையில் அப்படியே ஒட்டுவது அசிங்கம். கோடு முடியுமிடத்தில் மை தேங்கியதுபோல் சற்றே தடித்து நின்றால் போதும்.

எனக்கு மனத்தாங்கல் 1978க்குப் பிந்திய காலத்தின் மேல்தான். அந்த ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த அரசாணை ணை, லை, னை, ளை ஆகியவற்றின் யானைத் தும்பிக்கைக் கொம்பை எடுத்துவிட்டது. தட்டச்சுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது நன்மை, மறுக்கவில்லை. ஆனால் தலைப்பெழுத்தில் அந்தக் கொம்பு எடுத்த வீச்சுக்கு ஈடாக எதையும் நாம் வரையவில்லை. பிறகு கணினி வந்தது. விண்டோஸின் லதா எழுத்துரு தமிழகத்தின் கடிதங்களையும் அறிவிப்புப் பலகைகளையும் ஒருசேரச் சோகையாக்கியது. ஃபிளெக்ஸ் கடைகளில் அதே எழுத்தை இழுத்துப் பருக்கவைத்து, நிழல் போட்டு, வெள்ளைக் கரை கட்டுகிறார்கள். பின்னர் வந்த பலூ தம்பி உருண்டு திரண்ட, உற்சாகமான எழுத்து. கடைப்பலகைக்கும் குழந்தைப் புத்தகத்துக்கும் பொருந்தும், ஒரு கோட்டையின் பெயரைத் தாங்காது. நோட்டோ செரிஃப் தமிழில் தடித்த வகையும் உண்டு. ஆனாலும் அது உட்பக்க எழுத்தின் அடக்கத்தை விட்டு வெளியே வரவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் அந்தப் பெருமை செஞ்சிக்கு மட்டும். இனி ராஜகிரி, கிருஷ்ணகிரி அடிவாரங்களில் பலகைகள் கூடும், கையேடுகளும் வரும். அவற்றுக்கு எழுத்து வேண்டுமென்றால் ஆங்கில எழுத்துருவுக்குத் துணையாக வரைந்த மெலிந்த தமிழை எடுக்க வேண்டாம். பெரிய எழுத்துப் பதிப்புகளின் பழைய பிரதிகளைத் தேடி எடுத்து, மை பரவாத நல்ல அச்சுப் பக்கங்களை ஒளிவருடி, ‘செ’யின் கொம்பிலிருந்தும் ‘ஞ்’சின் சுழியிலிருந்தும் ஓர் எழுத்துரு வரையத் தொடங்கலாம். ‘செஞ்சி’ என்று எழுதவே அந்த இரண்டும் வேண்டும்; தடிப்பு வேறுபாட்டுக்கு அவற்றைவிடக் கடினமான சோதனையும் கிடையாது.