மூன்றாவது குவியல்

முத்துக்குளிப்பைப் படமெடுக்க வருகிறவர்களுக்கு முதல் எதிரி கடல்தான். காமிரா தண்ணீருக்குள் இறங்கியதும் எல்லாமே அழகாகிவிடுகிறது. வெளிச்சம் சாய்ந்து விழுகிறது. மூச்சடக்கி இறங்குகிறவனின் உடம்பு நாட்டியம்போல் நீள்கிறது. மூச்சு முட்டுவது மட்டும் படத்தில் வருவதில்லை. பார்க்கிறவன் நாற்காலியில் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான்.

எனக்கு இது உறைத்ததற்குக் காரணம் என் ஊர். மேல்விஷாரத்தில் வளர்ந்தவனுக்கு வேலை என்றால் முதலில் நாற்றம். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப்போட்டு மயிரும் சவ்வும் களைகிற இடத்தில் அழகுக்கு வழியில்லை. தோல் ஷாப்பைத் தேடி வருகிற காமிரா மாசைப் பார்க்க வருகிறது. கடலுக்குப் போகிற காமிரா கவிதையைப் பார்க்கப் போகிறது. வேலை செய்கிறவன் இரண்டின் கண்ணிலும் படுவதில்லை.

முத்துக்குளிப்பும் நாற்றமடிக்கிற தொழில்தான். மன்னார் வளைகுடாவில் கல்லின் கனத்தில் இறங்கி, மேலே கயிறு பிடிப்பவனை நம்பி ஏறி வந்தவன் அள்ளியது வெறும் சிப்பி. முத்து உள்ளே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெள்ளைக்காரச் சர்க்கார் தூத்துக்குடியில் நடத்திய முத்துக்குளிப்பில் கரைக்கு வந்த சிப்பியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு குவியல் சர்க்காருக்கு, மூன்றாவது குளித்தவர்களுக்கு. ஏலத்தில் எடுத்தவன் சிப்பியை அழுகவிட்டு, புழு வைத்து, பிறகு அலசி முத்துத் தேடுவான். தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் குளித்த தொழில் இது. 1961இல் நடந்ததோடு அங்கே நின்றுபோயிற்று.

பாரசீக வளைகுடாவும் முத்துக்குப் பேர்போனது. குவைத்தின் காலித் அல் சித்திக் 1972இல் 'பஸ் யா பஹர்' எடுத்தார். அது கதைப்படம். நமக்கு வேண்டிய பாடத்தை நான் பார்த்தது ஓர் ஈரானியப் பெண்ணின் டாகுமெண்டரியில். அதுவும் கடலில் இல்லை, ஒரு தொழுநோயாளர் குடியிருப்பில்.

கவிஞர் ஃபொரூக் ஃபரோக்ஸாத் 1962இல் தப்ரீஸ் அருகே பன்னிரண்டு நாளில் எடுத்த 'வீடு இருண்டது' இருபது நிமிஷத்துக்குச் சற்றே அதிகம். காமிரா சிதைந்த முகங்களிலிருந்து விலகவும் இல்லை, அவற்றை மொய்க்கவும் இல்லை. வகுப்பில் அவலட்சணமானவற்றைச் சொல்லச் சொல்கிறார் ஆசிரியர். ஒரு பையன் உடம்பின் உறுப்புகளையே வரிசையாகச் சொல்கிறான், வகுப்பு சிரிக்கிறது. இந்தச் சிரிப்பை அனுதாபத்தோடு படமெடுக்கப் போகிறவனால் பிடிக்க முடியாது. அவர்களுக்கு இது அன்றாடம் என்று ஒப்புக்கொண்டவருக்குத்தான் அது கிடைக்கும். அவருடைய கவிதை படத்தில் குரலாக வருகிறது. ஆனால் பிம்பத்தை மெழுகிப் பூசுவதில்லை. நம் டாகுமெண்டரிகளில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

1961இல் இருபது வயதில் குளித்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். அவர்களில் யாராவது இருக்கும்போதே ஒருவர் போகவேண்டும். முத்தைப் பற்றிக் கேட்கவேண்டாம். மேலே கயிறு பிடித்தது யார், பங்கில் என்ன கிடைத்தது, காது எப்போது மந்தமாயிற்று, அழுகிய சிப்பி நாற்றத்தில் சோறு இறங்கியதா என்று கேட்கலாம். பதில் வரும்வரை காமிரா அவர் முகத்தில் பொறுமையாக இருக்கட்டும். தண்ணீரை ஒரு ஷாட்கூடக் காட்டாமல் அந்தப் படம் முடிந்தாலும் எனக்குக் குறையில்லை.