ஆட்டம் எங்கே இருக்கிறது?

டிராக்டரின் ஸ்டீயரிங்கைக் கால்சுற்று ஒடித்த பிறகுதான் முன்சக்கரம் அசைகிறது என்றால், பாதிப் பேர் எடுத்த எடுப்பில் ஸ்டீயரிங் பாக்ஸில் ஸ்பேனரை வைத்துவிடுவார்கள். கைதேர்ந்த மெக்கானிக் அதைக் கடைசியில்தான் தொடுவார். ஒருவரை மேலே உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே ஒவ்வொரு பால் ஜாயிண்டையும் உள்ளங்கையால் பொத்திப் பார்ப்பார். தேய்ந்த ஜாயிண்ட் 'டொக்'கென்று கையில் முட்டும். பட்டறையில் நான் வேலையில்லாமல் நிற்பது இதைப் பார்க்கத்தான்.

பழைய மாஸி ஃபெர்குசன் 35-இல் இந்தத் தேடல் இன்னும் ருசி. பாக்ஸின் இருபுறமும் தனித்தனி டிராப் ஆர்ம், தனித்தனி டிராக் ராடு. 1946 முதல் கோவென்ட்ரியில் உற்பத்தியான ஃபெர்குசன் டிஇ20 வழி வந்த அமைப்பு இது. அச்சின் இரு கைகளும் பின்சாய்ந்திருப்பதால், சக்கர அகலத்தை மாற்றினாலும் ராடைத் தொட வேண்டாம். யோசித்தவனைக் கும்பிடலாம்.

ஜாயிண்டைக் கழற்றுவதிலும் ஒரு நயம் உண்டு. அவசரக்காரர்கள் போல்ட்டின் தலையில் அடித்து மரையை நசுக்குவார்கள். கைதேர்ந்தவரோ நட்டை இரண்டு மரை விட்டுவைத்து, ஆர்மின் கண்ணுக்கு ஒருபுறம் கனத்த சுத்தியலை அண்டைகொடுத்து, எதிர்ப்புறம் ஒரே போடு போடுவார். கண் ஒரு நொடி நெளிய, டேப்பர் பட்டென்று விட்டுவிடும். ரப்பர் உறைக்கும் சேதமில்லை.

தொழி உழவு கண்ட வண்டியென்றால் ஸ்பிண்டில் புஷ்ஷிலும் சேறு புகுந்து அரைத்திருக்கும். புதுப் புஷ் அடித்தால் போதாது. மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் நிற்க, நீண்ட ரீமரை இரண்டிலும் சேர்த்தே ஓட்ட வேண்டும். எண்ணெய் தடவிய ஸ்பிண்டில் விரல் அழுத்தத்தில் வழுக்கி இறங்கினால் சரி. லொடக்கென்று விழுந்தால் மறுபடி புஷ்தான்.

சக்கர நேர் பார்க்கையில் இரு டிராக் ராடையும் சமமாகத்தான் திருகுவார். ஒன்றை மட்டும் திருகினாலும் அளவு வந்துவிடும்; ஆனால் வண்டி ஒரு பக்கம் நன்றாக வளையும், மறுபக்கம் முரண்டுபிடிக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு கொஞ்சம் ஆட்டம் மிஞ்சினால் விட்டுவிடுவார். நேரே ஓடி ஓடி, பாக்ஸின் பல் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே சுத்தமாக இறுக்கினால், வரப்போரம் முழுசாக ஒடிக்கும்போது ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும்.