வெட்டியது எந்தத் தசையை?

மேலிமை சரிந்து பார்வையை மறைப்பவர்களுக்கு அதை உயர்த்திக் கொடுக்கும் அறுவை முறைகள் பல உண்டு. ஃபசனெல்லா, செர்வாட் என்ற இருவர் 1961-இல் வெளியிட்ட முறை அவற்றுள் ஒன்று. இமையைப் புரட்டி, இமைத்தகட்டின் மேல்விளிம்பை இடுக்கியால் பிடித்து, பிடித்த பகுதியை வெட்டித் தைத்து விடுவார்கள். சிறிய சரிவுகளில் பலனும் கிடைக்கிறது. ஆயினும் அதற்குக் கூறப்பட்ட விளக்கம் ஏற்கத்தக்கதன்று.

இமையைத் தூக்கும் தசைகள் இரண்டு. முதன்மையானது லெவேட்டர், மூன்றாம் மூளை நரம்பு அதை இயக்குகிறது. அதன் அடியில் மெல்லிய முல்லர் தசை. பரிவு நரம்புகளுக்கு உட்பட்ட இதன் பங்கு சுமார் 2 மி.மீ. உயரமே. ஆசிரியர்கள் தம் கட்டுரைத் தலைப்பிலேயே இதை லெவேட்டர் தசைக் குறைப்பு என்றார்கள். வெட்டியெடுத்த துண்டுகளைப் பின்னர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? பெரும்பாலும் இமைத்தகடும் அதன்மீதுள்ள மெல்லிய படலமுமே! சிலவற்றில் முல்லர் தசைகூடப் பெயரளவுக்குத்தான். இமையோ உயர்ந்திருந்தது.

மாணவ நண்பர்களே, கணக்கின் விடை சரி, வழி தவறு. என் வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண் கிடையாது. இங்கோ இழப்பு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. தகடுதான் இமைக்கு விறைப்பு தருவது. கண்ணீர் விரைவில் உலராமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அதனுள்ளேயே இருக்கின்றன. நோயற்ற அப்பகுதியை வெட்டினால் மீண்டும் வளராது; மிகுதியாக வெட்டினால் இமையின் வளைவும் கெடும்.

1975-இல் புட்டர்மன், யூரிஸ்ட் இருவரும் தகட்டைத் தொடாமல் முல்லர் தசையையும் படலத்தையும் மட்டும் குறைத்தார்கள். ஃபினைலெஃப்ரின் சொட்டு மருந்தை முதலில் விட்டு, இமை எழுகிறதா என்று பார்ப்பது இம்முறையின் சிறப்பு. கத்தி எடுக்கும் முன்பே ஒரு சோதனை! இதிலும் விளக்கம் முழுமையாகவில்லை என்பேன். மருந்துக்கு எழாத இமைகள் சில அறுவைக்குப் பின் எழுகின்றனவே.

இத்தனை மி.மீ. வெட்டினால் இத்தனை மி.மீ. உயரும் என்ற வாய்பாடுகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இரு கண்களுக்கும் மூளை சமமான கட்டளையே அனுப்புகிறது. இது 1868-இல் ஹெரிங் கூறிய விதி. சரிந்த இமைக்காகக் கூடுதல் கட்டளை போனால் மற்ற இமையும் சேர்ந்தே உயரும். ஒன்றைச் சீராக்கியதும் கட்டளை குறைந்து மற்றது இறங்கக்கூடும். ஆகவே, நல்ல மருத்துவர் சரிந்த இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த இமையைக் கவனிப்பார்.

லெவேட்டர் மிகவும் வலுவிழந்து பிறந்த குழந்தைகளுக்கு இவ்விரு முறைகளும் உதவா. இமையைச் சிலிகான் இழையாலோ, தொடையிலிருந்து எடுத்த தசையுறை நாராலோ நெற்றித் தசையுடன் பிணைப்பார்கள். கண்பாவை மூடியே இருந்தால் அக்கண்ணின் பார்வை வளராமல் குன்றிவிடும். எனவே, பெரியவனானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் காத்திருக்கலாகாது.