தூரிகை ஏந்தாத நெறியாளர்: இசாவோ தக்காஹாத்தாவின் சித்திரப் படங்கள்

சித்திரத் திரைப்படம் என்பது சிறுவருக்குரிய வேடிக்கைப் பொருள் என்னும் எண்ணம் திரைப்பட விமர்சனம் எழுதுவோரிடையேயும் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. யப்பானிய நெறியாளர் இசாவோ தக்காஹாத்தாவின் (1935–2018) ஆக்கங்களை அணுகுவோர் இவ்வெண்ணத்தை முதலிற் கைவிடல் வேண்டும். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவரது நண்பர் ஹயாவோ மியாசாக்கியின் புகழை ஒட்டியே நிகழ்கின்றது. மியாசாக்கி ஓவியர், தக்காஹாத்தா ஓவியர் அல்லர். சித்திரப் படத் துறையில் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்ற ஒருவர் சித்திரம் வரைபவராக இருக்கவில்லை என்பது முரணாகத் தோன்றலாம். ஆயின், அவரது கலையின் இயல்பு இம்முரணிலேயே தங்கியுள்ளது. கைப்பழக்கமான கோடு ஒன்று தமக்கென இல்லாதவர், படந்தோறும் அதற்குரிய கோட்டைத் தேட வேண்டியவரானார்.

ரோக்கியோப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் பயின்ற அவர், போல் கிறிமோவின் சித்திரப் படத்தினால் ஈர்க்கப்பட்டு, 1959இல் தோயே சித்திரப்பட நிறுவனத்தில் இணைந்தார். அவரது முதல் முழுநீளப் படமான ‘ஹோருஸ்: சூரியனின் இளவரசன்’ 1968இல் வெளிவந்தது. தொழிற்சங்கத்தில் ஒன்றுபட்டு நின்ற இளங்கலைஞர் பலர் அதில் உழைத்தனர். கிராமத்தவர் ஒன்றுகூடிப் பகையை வெல்லும் கதையில் அவ்வனுபவத்தின் சாயல் உண்டு. எனினும், அவ்வெற்றியைக் காட்டிலும், தீமைக்கும் மானிடத்துக்கும் இடையே ஊசலாடும் ஹில்டா என்னும் பெண்ணே மனத்தில் நிற்கின்றாள். படம் வசூலில் தோல்வியுற்றது.

1974இல் தொலைக்காட்சிக்கென அவர் நெறிப்படுத்திய ‘ஹைடி’ 52 பகுதிகளைக் கொண்டது. பாட்டனார் நெருப்பிற் சீஸை உருக்கிப் பாணில் வைத்துக் கொடுப்பதும், ஆடுகள் மலையேறுவதும் அங்கே அவசரமின்றிக் காட்டப்படுகின்றன. பேயும் பூதமும் எளிதில் உலவக்கூடிய ஓர் ஊடகத்தில், அன்றாட வாழ்வை உற்றுநோக்குவதே போதுமான நாடகம் என்று அவர் நம்பினார். அவரது யதார்த்தவாதத்தின் அடிப்படை இதுவேயாகும்.

1988இல் வெளிவந்த ‘மின்மினிகளின் கல்லறை’ அவருக்கு உலகப் புகழ் ஈட்டித் தந்தது. அப்புகழே அப்படத்தைப் பலர் பிழையாக விளங்கிக் கொள்ளவும் காரணமாயிற்று. அக்கியுக்கி நொசாக்கா 1967இல் எழுதிய சிறுகதை அதற்கு மூலம். 1945இல் கோபே நகர் குண்டுவீச்சில் எரிந்தபின், தாயை இழந்த பதினான்கு வயதுச் செய்தாவும் நான்கு வயதுத் தங்கை செற்சுக்கோவும் பட்டினியால் மடிகின்றனர். அதே ஆண்டில் ஒக்காயாமா நகர் எரிந்தபோது அதிலிருந்து தப்பி ஓடிய ஒன்பது வயதுச் சிறுவன் தக்காஹாத்தா என்பதும் மனங்கொள்ளத்தக்கது. படத்தைக் கண்டோர் கண்ணீர் விடுகின்றனர். கண்ணீரோடு காரியம் முடிந்தது என்றும் எண்ணுகின்றனர்.

தக்காஹாத்தாவோ இது போர் எதிர்ப்புப் படம் அன்று என மறுத்தே வந்தார். உறவினளான மாமியின் கடுஞ்சொல்லைப் பொறாது, சமூகத்தினின்று தன்னைத் துண்டித்துக் கொண்டு, தங்கையோடு தனியுலகு அமைக்க முயலும் சிறுவனின் தவறே அவருக்கு முதன்மையானது. தாய் விட்டுச்சென்ற ஏழாயிரம் யென் வங்கியில் இருந்தும், செய்தா உரிய வேளையில் அதனைப் பயன்படுத்தவில்லை. ஆயினும் நெறியாளரின் கூற்றை முற்றாக ஏற்க வேண்டியதில்லை. இறந்த தாயின் கிமோனோக்களை அரிசிக்கு மாற்றியபின், நாட்டுக்கு உழைப்பவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே சோறா என்று கணக்குப் பார்க்கும் மாமியின் நியாயம் அவள் ஒருத்தியின் கொடுமையன்று. போர் புரியும் அரசின் நியாயமே அடுக்களைவரை வந்துவிட்டது. இதனைப் படம் காட்டுகின்றது. நெறியாளர் அதுபற்றிப் பேச விரும்பவில்லை. படைப்பாளியின் விளக்கத்தைவிடப் படைப்பு விரிந்து நிற்கும் இடம் இது. இறந்த செய்தா செந்நிற ஒளியில் ஆவியாக நின்று தன் இறுதி நாட்களை மீண்டும் காண்கிறான். முடிவில் அவ்விருவரும் இன்றைய கோபேயின் மின்விளக்குகளை மேட்டிலிருந்து நோக்குகின்றனர். அழுது தீர்ப்பதற்கு மட்டுமே உரிய கதையாயின் அக்காட்சிக்குத் தேவையே இல்லை.

‘நேற்று மட்டுமே’ (1991) இத்தகைய கடுமை அற்றது. ஆயின் நுண்மையில் அதற்குக் குறைந்ததன்று. ரோக்கியோவில் அலுவலகப் பணிபுரியும் 27 வயதுத் தாயெக்கோ, யமகத்தாவில் குசும்பாப் பூப் பறிக்கச் செல்லும்போது தன் பத்து வயது நினைவுகள் உடன் வருகின்றன. நிகழ்காலம் நிறைவாக வரையப்பட, 1966ஆம் ஆண்டின் நினைவுகள் ஓரங்கள் வெறுமையாய் விடப்பட்ட வெளிறிய நீர்வண்ணத்தில் வருகின்றன. வீட்டுக்கு வந்த முதல் அன்னாசிப்பழத்தை எப்படி வெட்டுவது என்று எவருக்கும் தெரியாது, சுவையும் ஏமாற்றுகிறது. பிறர் விலக்கிய துண்டுகளைத் தாயெக்கோ மட்டும் பிடிவாதமாக உண்கிறாள். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆசைகளை இதனினும் சிக்கனமாகக் கூறுதல் அரிது.

தாமா மலைச்சரிவில் வீடமைப்பை எதிர்க்கும் தனுக்கி விலங்குகளின் கதையான ‘பொம் பொக்கோ’ (1994) பொருளால் முக்கியமானது. ஆயின் உரைஞர் குரல் மிகுதியாய் ஒலிப்பதால் தளர்வுற்றது.

இறுதி இரு படங்களில் வெறுமையே வெளிப்பாட்டு முறையாகிறது. 1988இல் ‘மின்மினிகள்’ திரைக்கு வந்தபோது சில காட்சிகளுக்கு வண்ணம் தீட்டி முடிந்திருக்கவில்லை. அன்று குறையாயிருந்த வெண்மையை ‘அயலவர் யமதாக்கள்’ (1999) வேண்டியே ஏற்றுக் கொண்டது. பத்திரிகைக் கேலிச்சித்திரத்தின் சிலகோட்டு எளிமையைத் திரைக்குக் கொணர்ந்தது. ‘இளவரசி கக்குயா’ (2013) உருவாக எட்டு ஆண்டுகள் சென்றன. பழைய மூங்கில்வெட்டி கதையின் பெண், தன்னை இகழ்ந்து பேசும் விருந்தினரிடமிருந்து ஓடுகையில், மென்கோடுகள் கரித்துண்டாற் கீறிய கீறல்களாய்ச் சிதறுகின்றன. முகமும் ஆடையும் காடும் பிரித்தறிய இயலாதவாறு கலக்கின்றன. சினத்தைச் சித்திரித்த கோடு அன்று அது. கோடே சினம் கொண்டு ஓடுகின்றது. தூரிகை ஏந்தாதவரின் கடைசிப் படத்தில் அமைந்த காட்சி அது.