இடைநிலை ஆங்கிலமும் அறபு மாணவனும்: பாடநூல்கள் பற்றிய ஒரு நோக்கு

ஆங்கிலத்தைப் பிறமொழியாகப் பயில்வோர்க்கென எழுந்த நூல்களுள் இடைநிலை மாணவர்க்குரியவை தனியானதொரு சிக்கலை உடையன. தொடக்கநிலை நூலுக்குப் படங்கள் கைகொடுக்கும். உயர்நிலை நூலுக்கு இலக்கியமும் செய்தித்தாளும் கைகொடுக்கும். இடைநிலை நூலோ இலக்கண விதிகளையும் சொற்றொகுதியையும் நம்பியே நிற்க வேண்டியுள்ளது. தனக்கு ஆங்கிலம் தெரியும் என்று மாணவன் எண்ணத் தொடங்கும் கட்டம் இது. நீண்ட வாக்கியங்களை அமைக்க முற்படும் அவனிடம் அவனுடைய தாய்மொழி அவன் அறியாமலே வந்து சேர்ந்துகொள்ளும் கட்டமும் இதுவே. ஆகவே, அறபைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவனின் கையிற் கொடுக்கப்படும் நூல்கள் அவன் மொழியைப் பற்றி யாது அறிந்துள்ளன என்னும் வினா வெறுமனே கற்பித்தல் முறை பற்றிய வினா அன்று. ஏற்கெனவே ஒரு மொழியின் இலக்கணத்தை முறையாகக் கற்றவன் என்ற மதிப்பு அவனுக்கு வழங்கப்படுகின்றதா என்பதே அதன் உட்கிடை.

இவ்வகை நூல்களுள் மிகப் பரவலாக வழங்குவது றேமன்ட் மேர்பியின் 'இங்கிலிஷ் கிரமர் இன் யூஸ்' என்பதாகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1985இல் வெளியிட்ட இந்நூல் 2019இல் ஐந்தாம் பதிப்பைக் கண்டது. இடப்பக்கத்தில் விளக்கம், வலப்பக்கத்திற் பயிற்சி என்ற அதன் அமைப்பு எளிமையும் பயனும் உடையது. இலக்கண நூல் என்றாலே அஞ்சிய மாணவரை அச்சமின்றி அமர்ந்து பயிலச் செய்த பெருமை அதற்குண்டு. கலைச்சொற்களைக் கூடியவரை தவிர்த்து எடுத்துக்காட்டுகளாலேயே விதியை உணர்த்தும் அதன் முறையும் பாராட்டத்தக்கதே. ஆயின், நூலின் வலிமை எங்கே உள்ளதோ அங்கேயே அதன் குறையும் உள்ளது. உலகத்து மாணவர் அனைவர்க்கும் உரிய நூலாக அமைந்தமையால் அது எந்த மாணவனுடைய மொழியையும் கருத்திற் கொள்ளாது செல்கின்றது. ஒரே பக்கம் ஜப்பானியனுக்கும் ஸ்பானியனுக்கும் அறபு மாணவனுக்கும் ஒரே மருந்தாக வழங்கப்படுகின்றது. பதிப்பாளரின் வணிகத்துக்கு இது ஏற்றதே. நோய் வேறுபடும்போது என் செய்வது?

ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் முன் நிற்கும் 'த', 'ஏ' என்னும் சிறுசொற்களை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய மொழியில் இத்தகைய சொற்களே இல்லை. அம்மாணவன் வெறுமையிலிருந்து தொடங்குகின்றான். அறபு மாணவனின் நிலை இதற்கு நேர்மாறானது. அவனிடம் 'அல்' என்னும் முன்னொட்டு உண்டு. கேட்போன் அறிந்த பொருளைச் சுட்டுவதில் அது ஆங்கிலத்தின் 'த' போன்றதே. ஆனால் அதன் ஆட்சி அத்துடன் முடிவதில்லை. வாழ்க்கை, வாய்மை, பொறுமை முதலான பண்புப் பொருள்களைப் பொதுவாகக் கூறுமிடத்தும் அறபு 'அல்' வேண்டி நிற்கும். ஓர் இனம் முழுவதையும் குறிக்குமிடத்தும் அவ்வாறே. ஆகவே 'த லைஃப் இஸ் ஹாட்' என்று அவன் எழுதும்போது விதியை மறந்து எழுதவில்லை. தன் மொழியின் விதியைப் பிசகின்றிப் பின்பற்றியே எழுதுகின்றான். மறுபுறம், 'ஏ' என்பதற்கு நிகரான தனிச்சொல் அறபில் இல்லை. சொல்லிறுதியில் வரும் 'தன்வீன்' என்னும் னகர ஒலி பெரும்பாலும் நிச்சயமற்ற பெயரிலேயே வருமாயினும், அதனை ஒரு சொல்லாக எவரும் உணர்வதில்லை. எனவே இருக்கவேண்டிய இடத்தில் 'ஏ' விடுபடும். இருக்கக்கூடாத இடத்தில் 'த' வந்துநிற்கும். இவற்றோடு 'இழாஃபத்' எனப்படும் உடைமைத் தொடரும் சேர்ந்துகொள்கின்றது. 'ஆசிரியரின் நூல்' என்பதை அறபில் 'கிதாபுல் முதர்ரிஸ்' என்பர். இங்கே முதற்சொல் 'அல்' ஏற்பது விலக்கப்பட்டுள்ளது. ஆயினும் அது நிச்சயப் பொருளே தருகின்றது. இதனையே ஆங்கிலத்தில் அமைக்கும்போது 'புக் த ரீச்சர்' என்றும், சிறிது திருந்திய நிலையிற் 'புக் ஒஃவ் த ரீச்சர்' என்றும் வருவது வியப்பன்று.

மேர்பியின் நூலில் இவற்றுக்குரிய பக்கங்கள் இல்லாமலில்லை. பொதுப்பொருளில் 'த' வராது என்பதும் அங்கு சொல்லப்பட்டே உள்ளது. ஆயின் அறபு மாணவன் முன்னரே அறிந்த பகுதியும், அவன் தன் பழக்கத்தையே மாற்றவேண்டிய பகுதியும் அங்கே ஒரே எடையுடன் அடுத்தடுத்து நிற்கின்றன. எங்கே நின்று நிதானிக்க வேண்டும் என்பதை நூல் அவனுக்குச் சொல்வதில்லை. சொல்லவும் இயலாது, அவன் யாரென்பது அதற்குத் தெரியாது.

இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு பெயரைத் தழுவி வரும் துணைவாக்கியமாகும். 'நான் கண்ட மனிதன்' என்பதற்கு அறபில் 'அர்ரஜுலுல்லதீ ரஅய்த்துஹு' என்பர். இறுதியிலுள்ள 'ஹு' என்பது 'அவனை' என்னும் பொருளது. அறபு இலக்கணிகள் இதற்கு 'ஆயித்', அதாவது மீண்டு வருவது, எனப் பெயரிட்டனர்; முன்னே கூறிய பெயரை நோக்கி அது மீள்கின்றது. நன்கு பயின்ற மாணவன் ஒருவனுக்கு இந்த மீட்சி இல்லாத வாக்கியம் ஊனமுற்ற வாக்கியமாகவே தோன்றும். எனவே 'த மான் ஹூ ஐ சோ ஹிம்' என்று அவன் எழுதுகின்றான். ஆசிரியர் 'ஹிம்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டுகின்றார். மாணவன் வெட்டைப் பார்க்கின்றான், காரணத்தைப் பார்ப்பதில்லை. தமிழ் மாணவன் இவ்வழுவிற் பெரும்பாலும் வீழாதிருப்பது அவனுடைய கூர்மதியால் அன்று. பெயரெச்சத்தில் அத்தகைய பிரதிப்பெயர் இல்லாமையாலேயே. இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. முன்னிற்கும் பெயர் நிச்சயமற்றதாயின் அறபில் 'அல்லதீ' என்னும் இணைப்புச்சொல்லே வராது. ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்' என்பவை விடப்படுவதும் விடப்படாததும் முற்றிலும் வேறு காரணங்களைச் சார்ந்தவை. இரண்டு மொழிகளிலும் இணைப்புச்சொல் சிலவேளை மறைகின்றது. மறைவதற்கான நியாயம் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அறபு மாணவர்க்கென ஒரு நூல் எழுதப்படுமாயின் முழுப்பாடம் ஒன்றையே இதற்கு ஒதுக்கலாம்.

வினைச்சொல் பற்றிய பகுதியிற் கூற்றுக்கள் அவதானமாகச் செய்யப்படல் வேண்டும். அறபில் முற்றிய செயலைக் குறிக்கும் 'மாழி', முற்றாத செயலைக் குறிக்கும் 'முழாரிஃ' என இரு வடிவங்களே உள என்றும், ஆதலின் 'செய்கின்றேன்' என்னும் வழக்கச் செயலுக்கும் 'செய்துகொண்டிருக்கின்றேன்' என்னும் தொடர்செயலுக்கும் வேறுபாடு அவனுக்கு விளங்காதென்றும் கூறப்படுவதுண்டு. எழுத்துமொழியாகிய 'புஸ்ஹா'வைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மை. ஆயின் எந்த அறபு மாணவனும் தாயின் மடியிற் புஸ்ஹாவைக் கற்பதில்லை. சாள்ஸ் பேர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக்காட்டிய நான்கு மொழிநிலைகளுள் அறபும் ஒன்று. பேச்சும் எழுத்தும் பிரிந்து வாழும் மொழியை உடைய தமிழ் வாசகர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. சிரியா, லெபனான் பகுதிகளின் பேச்சு வழக்கில் 'அம்' என்னும் சிறுசொல்லை முன்வைத்துத் தொடர்செயல் உணர்த்தப்படுகின்றது. வளைகுடா வழக்கில் 'உட்கார்ந்திருத்தல்' என்னும் பொருளுடைய சொல் அப்பணியைச் செய்கின்றது. ஆகவே, எழுத்துமொழியை மட்டும் ஆங்கிலத்துக்கு எதிரே நிறுத்தி ஒப்பிடுவோர் மாணவனுடைய உண்மையான தாய்மொழியை விட்டுவிடுகின்றனர். நிகழ்கால நிறைவு வடிவத்தின் இடர்ப்பாடு மட்டும் எங்கும் பொதுவாய் உள்ளது. மூன்று ஆண்டுகளாக இங்கு வாழ்கின்றேன் என்பதை முழாரிஃ வடிவத்தாற் கூறிப் பழகியவன் 'ஐ லிவ் ஹியர் சின்ஸ் த்றீ இயர்ஸ்' என்பதையே இயல்பாகக் கருதுவான்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நோக்குதல் முறை. தாய்மொழியோடு ஒத்தவை எளிதிற் கைவரும், வேறுபட்டவை இடர் தரும் என்ற கருத்தின் மேல் றொபேட் லாடோ 1957இல் தம் ஒப்பீட்டு முறையை நிறுவினார். ஒரு தசாப்தம் அது கோலோச்சியது. 1967இற் பிற் கோடர் மாணவரின் வழுக்களுக்கு வேறொரு மதிப்பை அளித்தார்: வழு என்பது தவறிய பழக்கம் மட்டுமன்று, மாணவன் தனக்குள் அமைத்துவரும் விதியின் சான்றும் ஆகும் என்பது அவர் கொள்கை. 1971இல் ஜக் றிச்சட்ஸ், வெவ்வேறு தாய்மொழியினர் ஒரே வழுக்களைச் செய்வதைக் காட்டி, எல்லாவற்றையும் தாய்மொழியின் தலையிற் சுமத்துவது தகாதென்றார். அறபு மாணவனே இதற்கு நல்ல சான்று. படர்க்கை ஒருமையில் ஆங்கில வினை ஏற்கும் 'எஸ்' என்னும் ஈற்றை அவனும் அடிக்கடி விட்டுவிடுகின்றான். அவனுடைய மொழியோ எண், இடம், பால் மூன்றையும் வினையில் நுணுக்கமாகக் காட்டும் மொழி. ஒருமை, பன்மையோடு இருமையும் அங்குண்டு. வினை எழுவாயோடு இயையும் என்பதை அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வாறிருந்தும் விடுகின்றான் என்றால், குற்றம் அறபினுடையது அன்று. மற்றெல்லா இடங்களிலும் வெறுமையாய் நின்று ஓரிடத்தில் மட்டும் ஓரொலியை வேண்டும் ஆங்கிலத்தின் ஒழுங்கின்மையே அதற்குக் காரணமாகலாம். எனவே மாணவனின் ஒவ்வொரு வழுவுக்கும் அறபு மூலம் தேடும் நூலும் பிழைபடும். எதற்கும் தேடாத நூலும் பிழைபடும். முன்னது பொய்யான விளக்கத்தைத் தரும். பின்னது விளக்கமே தராது.

சொற்றொகுதியில் நிலைமை இன்னும் கடுமையானது. க்-த்-ப் என்னும் மூன்று மெய்களை அறிந்தவனுக்குக் கிதாப் நூலாகவும், காதிப் எழுதுவோனாகவும், மக்தப் எழுதுமிடமாகிய அலுவலகமாகவும், மக்தபா நூலகமாகவும் ஒரு குடும்பமாய் விளங்குகின்றன. ஆங்கிலத்திலோ புக், றைற்றர், ஒஃபிஸ், லைபிரரி ஆகிய நான்கும் ஒன்றையொன்று அறியாத அயலார். ஒரு வேரைக் கொண்டு பத்துச் சொற்களை ஊகித்துப் பழகியவன் பத்தையும் தனித்தனியே மனனஞ் செய்ய வேண்டியவனாகின்றான். மைக்கல் வெஸ்ற் 1953இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியல் ஏறத்தாழ 2000 தலைச்சொற்களைக் கொண்டது. இடைநிலைச் சொற்றொகுதிக்கு நெடுங்காலம் அதுவே அளவுகோலாக இருந்தது. அந்த 2000 என்ற எண் ஐரோப்பிய மாணவனுக்கும் அறபு மாணவனுக்கும் ஒரே சுமை அன்று. முன்னவன் பலவற்றைத் தன் மொழியில் ஏற்கெனவே கண்டிருப்பான்.

உயிரெழுத்துப் பற்றிய செய்தி ஒன்று இங்கு குறிப்பிடத்தக்கது. அறபு எழுத்தில் மெய்களே வரிவடிவின் எலும்பு. குற்றுயிர்கள் வழக்கமாக எழுதப்படுவதில்லை. ஆன் றயனும் போல் மீராவும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் சொல்லொன்றில் உயிரெழுத்து விடுபட்டிருப்பதைக் கண்டறிவதில் அறபு மாணவர் ஏனைய மாணவரைவிடத் தாமதித்தனர், கூடுதலாகத் தவறினர் என்று காட்டினர். 'பிஸ்கிற்', 'பாஸ்கெற்' என்பவை ஒரே மெய்யோசை எலும்புடையனவாதலின் அவனுடைய கண்ணுக்கு உறவினராகத் தோன்றுகின்றன. 1990களிலிருந்து பெருகிய 'வொக்கபியூலரி இன் யூஸ்' வரிசை நூல்கள் சொற்களைப் பொருளடிப்படையில், சமையலறை, பயணம், காலநிலை என்று தொகுக்கின்றன. நன்று, ஆயினும் இம்மாணவனுக்கு வேண்டியது, மெய்யொத்து உயிர் மாறும் சொற்களை அருகருகே வைத்துக் கண்ணைப் பழக்கும் பயிற்சியாகும். அத்தகைய பயிற்சியை உலகப் பொதுநூல் ஒன்றில் எதிர்பார்க்க முடியாது.

அகராதியும் இக்குறையை நீக்குவதில்லை. முனீர் பஃலபக்கி 1967இற் பெய்ரூத்தில் வெளியிட்ட 'அல்மவ்ரித்' ஆங்கில-அறபு அகராதிகளுட் பெரும்புகழ் பெற்றது. ஆங்கில நூலைப் படிப்பவனுக்கு அது அரிய துணை. ஆங்கிலத்தில் எழுத முனைபவனுக்கு வேண்டிய செய்தியோ வேறு: அஞ்சுதல் என்னும் வினையோடு எந்த முன்னிடைச்சொல் வரும் என்பது. அறபில் அது 'மின்'. ஆகவே 'அஃப்றெயிட் ஃப்றொம்' என்கின்றான். போய்ச் சேர்தலுக்கு 'இலா'; ஆகவே 'அரைவ் ரு' என்கின்றான். எண்ணுப்பெயரிலும் இவ்வாறே. மூன்று முதற் பத்துவரை பன்மை ஏற்கும் அறபு, பதினொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை ஒருமையையே ஏற்கும். 'த்றீ புக்ஸ்' என்று சரியாக எழுதியவன் அடுத்த வரியில் 'ருவென்ரி புக்' என்று எழுதினால் அதனைக் கவலையீனம் என்று ஆசிரியர் எண்ணுவர். அஃது ஓர் இலக்கண நூற்பாவின் நேரிய பயன் என்பதை அறிந்தவர் அவ்வாறு எண்ணார்.

ஒப்பீடு எல்லை மீறினால் யாது நிகழும் என்பதற்கு றொபேட் கப்லன் 1966இல் எழுதிய கட்டுரை சாட்சி. ஒவ்வொரு மொழியினரின் சிந்தனைப் போக்கையும் கோட்டுப் படங்களாக வரைந்த அவர், ஆங்கிலத்துக்கு நேர்கோட்டையும் செமித்திய மொழியினர்க்கு இணைகோடுகளாய்ச் சென்று திரும்பும் வடிவத்தையும் அளித்தார். அறபு உரைநடை 'வ' என்னும் உம்மையால் வாக்கியங்களை அடுக்கிச் செல்வது என்ற கூற்றளவிற் பிழையில்லை. ஆனால் உரைநடை மரபு வேறு, சிந்தனை வேறு. இணைப்புச்சொல் ஒன்றைக் கொண்டு ஓர் இனத்தின் அறிவை அளப்பது மொழியியலாகாது. கப்லனே பின்னாளில் அக்கூற்றின் கடுமையைத் தளர்த்தினார். ஆயினும் அப்படங்கள் ஆசிரியர் பயிற்சி நூல்களில் நெடுங்காலம் உலாவின.

எட்வேர்ட் சயீத் 1993இல் வெளியான 'கல்ச்சர் அன்ட் இம்பீரியலிசம்' என்னும் நூலில், 1985இல் வளைகுடா நாடொன்றின் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அநுபவத்தை எழுதியுள்ளார். அங்கு ஆங்கிலத்துறையில் மாணவர் மிகுந்திருந்தனர். ஆயின் விமான நிறுவனத்திலோ வங்கியிலோ பணிபுரிவதற்குரிய கருவியாகவே ஆங்கிலம் அவர்க்கு வேண்டப்பட்டது என அவர் வருந்தினார். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயின் கருவியாக வேண்டுபவனுக்கும் அக்கருவி நேராக வழங்கப்படவில்லை என்பதையும் உடன்வைத்து நோக்கவேண்டும்.

கெய்ரோவிலும் பக்தாதிலும் அம்மானிலும் பாடசாலை மாணவர் 'நஹ்வு' என்னும் இலக்கணத்தை ஆண்டுக்கணக்கிற் பயில்கின்றனர். எட்டாம் நூற்றாண்டில் ஸீபவைஹி சொற்களைப் பெயர், வினை, இடை என மூன்றாக வகுத்த நாள்முதல் தொடரும் மரபு அது. 'முப்ததா', 'கபர்' என்று எழுவாயையும் பயனிலையையும் பிரித்தறியத் தெரிந்தவன் இடைநிலை வகுப்பிற் குழந்தைபோல் அமர்த்தப்படுகின்றான். அவனுக்குரிய நூலின் ஒரு பக்கம் இவ்வாறு தொடங்கலாம்: முப்ததாவும் கபரும் வினையின்றி இணையுமிடத்து ஆங்கிலம் 'இஸ்' என்னும் வினையை வேண்டும், 'கான' என்பது இறந்தகாலத்தில் தோன்றுவதுபோல நிகழ்காலத்திலும் அதனைத் தோன்றச் செய்க. 'ஹீ ரீச்சர்' என்பது ஏன் ஆகாது என்பதை அவன் இரண்டு வரியில் விளங்கிக்கொள்வான். மாணவரின் மொழியைப் பகிர்ந்துகொள்ளும் ஆசிரியர் இதனைக் கரும்பலகையில் எழுதி விளக்க வல்லவர். மாணவன் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நூலிலோ அந்த இரண்டு வரி இல்லை.